வடித்த சிரட்டையில் மறுபடி பால் இருக்காது

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடைக்குப் பைத்தான் (Python) நிரல்மொழியில் கணக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றன்று வந்த சரக்கில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்) வரிகளை மட்டும் ஃபில்ட்டர் (filter) வைத்துப் பிரித்து, முதலில் மொத்த எடை, அப்புறம் கொண்டுவந்தவர்களின் பெயர்கள். முதல் நாள் சாயங்காலமே கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, எடை சரியா இருக்கு. ஆளு பேரு ஒண்ணையும் காணலியே?"

பிழைச் செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது.

பைத்தான் 3-ல் பொறுக்கித் தரும் ஃபில்ட்டர், ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மேப் (map), பட்டியல்களை ஜோடி சேர்க்கும் ஜிப் (zip) மூன்றும் லிஸ்ட், அதாவது முழுப் பட்டியல், தருவதில்லை; இட்டரேட்டர் (iterator) தருகின்றன. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும்; தீர்ந்தால் தீர்ந்ததுதான். மொத்த எடையைக் கூட்டியதிலேயே என் ஃபில்ட்டர் தீர்ந்திருந்தது, பெயர்களுக்கு மிச்சமில்லை. ரப்பர் மரத்துச் சிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாலை வாளியில் ஊற்றிவிட்டு மறுபடி கவிழ்த்தால் என்ன வரும்? சிரட்டை உடையவில்லை, காலியாக இருக்கிறது. அதனால்தான் பைத்தானும் சத்தம் போடுவதில்லை. காலியானதைக் கூட்டினால் பூஜ்ஜியம், லிஸ்ட் ஆக்கினால் வெறும் லிஸ்ட். இரண்டுமே அதற்குச் சரியான விடைதான். பைத்தான் 2-ல் இவை மூன்றும் லிஸ்ட்டாகவே வந்தன. 2008-ல் வந்த 3-ல்தான் மாறியது. நாகர்கோவிலில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பழைய எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

கையில் இருப்பது எது என்று சந்தேகமா? ஐட்டர் (iter) ஃபங்ஷனிடம் கொடுத்துப் பாருங்கள். கொடுத்த பொருளே திரும்பி வந்தால் அது இட்டரேட்டர், ஒருமுறைதான் ஓடும். லிஸ்ட், ரேஞ்ச் (range) போன்றவை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தரும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடலாம். இன்னொன்று: 'இன்' (in) போட்டு ஒரு பெயர் இருக்கிறதா என்று இட்டரேட்டரில் தேடினால், அந்தப் பெயர் வரைக்கும் உள்ளதை அது எடுத்துத் தீர்த்துவிடும். பார்ப்பதுகூடச் செலவுதான்.

ஆனால் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் வந்தது. பைத்தானுடன் வரும் இட்டர்டூல்ஸ் (itertools) தொகுப்பில் உள்ள குரூப்பை (groupby) அது. பெயரைப் பார்த்தால் ஒரே ஆளின் சரக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிடும் என்று தோன்றும். அது அடுத்தடுத்து இருப்பதைத்தான் சேர்க்கும். ஒருவர் காலையில் 12 கிலோ கொண்டுவந்தார், நடுவில் வேறு ஆட்கள், மதியம் அவரே இன்னும் 8 கிலோ. குரூப்பைக்கு அவர் இரண்டு ஆள். நான் கூட்டுத்தொகையை டிக்ஷ்னரியில் (ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு மட்டும் வைக்கும் அட்டவணை) பெயரைச் சாவியாக வைத்துப் போட்டிருந்தேன். இரண்டாவது வந்தது முதலாவதை அழித்துவிட்டது. ரசீதில் 8 கிலோ. விடியுமுன் எழுந்து பால் வெட்டுகிறவருக்கு 12 கிலோவின் காசு சின்ன விஷயமில்லை.

குரூப்பைக்கு முன்னால், எந்தச் சாவியில் பிரிக்கிறோமோ அதே சாவியில் சார்ட்டட் (sorted) கொண்டு வரிசைப்படுத்தியாக வேண்டும். கூட்டுத்தொகை மட்டும் போதுமென்றால் குரூப்பையே வேண்டாம், சாவிவாரியாகக் கூட்டிக்கொண்டே போக உதவும் டீஃபால்ட்டிக்ட் (defaultdict) போதும். அது வரிசையைப் பார்ப்பதில்லை. குரூப்பை தருவதை மொத்தமாக லிஸ்ட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அடுத்த குழுவுக்கு நகர்ந்ததும் முந்தைய குழு காலியாகிவிடும்.

ஜிப்பிலும் ஒரு கண் வேண்டும். பெயர் 10, எடை 9 என்றால் கடைசிப் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடும். விடுபட்ட எடை நடுவில் உள்ளதாக இருந்தால் இன்னும் மோசம், அதற்குப் பின்னால் எல்லார் எடையும் ஒரு ஆள் தள்ளிப் போய்விடும். பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட் (strict) என்பதை ட்ரூ (True) என்று கொடுக்கலாம். நீளம் ஒத்துவராவிட்டால் வேல்யூஎர்ரர் (ValueError) என்ற பிழை கொடுத்து நிற்கும். காசுக் கணக்கில் ஸ்ட்ரிக்ட் இல்லாத ஜிப்பை நான் இப்போது எழுதுவதில்லை.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் லிஸ்ட் ஆக்கவும் வேண்டாம். பல வருட வரவைக் கொண்ட பெரிய ஃபைலை ஒரே தடவை கூட்டுவதற்கு இட்டரேட்டர்தான் நல்லது, மெமரி நிறையாது. இரண்டு தடவை தேவையென்றால் மட்டும் முதலிலேயே லிஸ்ட் ஆக்கிவிடுங்கள். அங்கே ஒரு இட்டரேட்டரை இரண்டாக்கித் தரும் டீ (tee) உதவும் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றை முழுக்க ஓட்டிவிட்டு மற்றதைத் தொடுவதானால் டீயும் எல்லாவற்றையும் மெமரியில்தான் வைத்திருக்கும், லாபம் இல்லை.

அண்ணாச்சி கையெழுத்து நோட்டை விட்டிருக்கவில்லை. அதை வைத்து ஆரம்ப நாளிலிருந்து ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்த்தோம். பாக்கி இருந்தவர்களுக்கெல்லாம் அடுத்த திங்கட்கிழமையே கொடுத்துவிட்டார்.