மரநாடு எப்படிப் புல்வெளியானது?

ஹாலந்து என்றதும் காற்றாலை, மாடு, தட்டையான பச்சைப் புல்வெளி நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயரின் மூலம் ‘ஹோல்ட்லாண்ட்’, அதாவது மரநாடு. ரைன், மாஸ் ஆறுகள் கடலில் சேரும் அந்தத் தாழ்நிலத்தில் இருந்த மரமெல்லாம் எங்கே போயிற்று?

மண்ணுக்குள் மகரந்தமாக இருக்கிறது. மகரந்தத்தின் மேலோடு முரட்டு உறுதி. ஆய்வுக்கூடத்தில் மணலையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை ஊற்றினாலும் அது கரையாது. சேற்றைத் தோண்டியெடுத்து அடுக்கடுக்காக மகரந்தத்தை எண்ணினால் எந்தக் காலத்தில் எந்த மரம் என்று தெரிந்துவிடும். ஸ்வீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் முன்வைத்த முறை இது. எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது: காற்றை நம்பும் பைன் மகரந்தத்தை அள்ளி வீசும், பூச்சியை நம்பும் லிண்டன் கஞ்சத்தனம் காட்டும்.

ஹாலந்துச் சேற்றின் அடியில் பனியுகம் முடிந்த காலத்து பிர்ச், பைன் மரங்களின் மகரந்தம். அதன்மேல் ஹேசல், ஓக், எல்ம். அப்புறம் ஈரத்தில் காலூன்றும் ஆல்டர். கடல்மட்டம் ஏற ஏற நிலத்தடி நீரும் ஏறியது. செத்து விழுந்த நாணலும் கோரையும் நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாமல் அரைகுறையாக மட்கிக் குவிந்தன, இதுதான் பீட். ஆற்றை விட்டுத் தள்ளிய இடங்களில் மழைநீரை மட்டும் குடித்தே வளரும் ஸ்பாக்னம் பாசி, பீட்டை ஆற்றைவிட உயரமான மேடாக்கியது.

வினை அந்த மேட்டில்தான் இருந்தது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் விவசாயிகள் மரங்களை வெட்டி, வாய்க்கால் தோண்டினார்கள். மேடல்லவா, தண்ணீர் தானாக வடிந்தது. தானியம் விளைந்தது. ஆனால் வடிந்த பீட்டுக்குள் காற்றுப் புகுந்ததும், அதுவரை மட்காமல் கிடந்தது மட்கி கார்பன் டை ஆக்சைடாகப் பறந்தது. நிலம் அமுங்கியது. மறுபடி ஈரம், இன்னும் ஆழமாக வாய்க்கால், இன்னும் அமுங்கல். போதாக்குறைக்கு பீட்டை வெட்டிக் காயவைத்து அடுப்பும் எரித்தார்கள். ஈரத்தில் தானியம் தேறவில்லை; புல் வந்தது, மாடு வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. ஆறு வயலுக்கு மேலே ஓடும் நிலை வந்தபோது, தண்ணீரை இறைத்து ஏற்றக் காற்றாலை வந்தது.

1421-இல் வெள்ளம் கரையை உடைத்து ‘க்ரோட்டெ வார்ட்’ வயல்வெளியை மூழ்கடித்தது. அங்கே வண்டல் படிந்து உருவானதுதான் பீஸ்பொஸ் சதுப்பு நிலம். கூடை முடையவும் கரை கட்டவும் அதில் வில்லோ மரம் வளர்த்தார்கள். தொழில் நொடித்ததும் அது காடாகிவிட்டது. 1988 முதல் அங்கே மரத்தைக் கொறித்தே சாய்க்கும் பீவர் என்ற விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வில்லோவை வெட்டும் வேலை இப்போது அவற்றுடையது.