உப்பை எங்கே வைப்பது என்று தெரிந்த நெல்

திருவாடானைப் பக்கம் புரட்டாசியில் புழுதி விதைப்பு முடிந்துவிட்டால் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மழை கிடைத்துப் பயிர் தலை தூக்கியபின் பதினைந்து நாள் வெயில் காய்ந்தால், தொண்டியை ஒட்டிய வயல்களில் வரப்போரம் வெளுக்கத் தொடங்கும். குனிந்து பார்த்தால் மண்மேல் கோலமாவு சிந்தியதுபோல உப்பு. பயிரின் நுனி வைக்கோல் நிறத்தில் சுருண்டிருக்கும்.

“மழ பேஞ்சா உப்பு எறங்கும் தம்பி, காஞ்சா ஏறிரும்” என்றார் அங்கே ஒரு பெரியவர். நடப்பது அதேதான். நிலத்தடியில் இருப்பது உவர்நீர். மேல்மண் காயக்காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த நீர் மண்துகள்களின் இடுக்கு வழியாக மேலே ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும்.

இந்த உப்பு பயிரை இரண்டு தடவை அடிக்கிறது. முதல் அடி எப்படி என்பது கருவாடு போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீனில் உப்பைத் தடவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீர் கசியும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. வயல் ஈரமாக இருந்தாலும் பயிருக்கு வறட்சிதான்.

இரண்டாவது அடி சில நாள் கழித்து விழுகிறது. சோடியம் வேருக்குள் புகுந்து, தண்ணீர் போகும் குழாய்த் திசு வழியாக இலைக்கு ஏறுகிறது. செல்லுக்குள் பல நொதிகள் வேலை செய்யப் பொட்டாசியம் வேண்டும். சோடியம் வேதியியலில் அதன் நெருங்கிய சொந்தம். இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வேலையை மட்டும் செய்யாது. இலை நுனியிலிருந்து கருகுவது இதனால்தான்.

அப்படியானால் உப்பைத் தாங்கும் செடி என்ன செய்கிறது? உப்பே இல்லாமல் இருப்பதில்லை. எங்கே வைத்தால் ஆபத்தில்லையோ அங்கே வைக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க அலையாத்திக் காடு உள்ள காரங்காட்டுக்குப் போகலாம். படகில் போகும்போது கைக்கெட்டும் வெண்கண்டல் இலையைக் கூர்ந்து பாருங்கள். காய்ந்த நாளில் இலைமேல் பொடிப்பொடியாக உப்புப் படிகம் மின்னும், விரலால் தடவினால் நெருநெருவென்று இருக்கும். வேரிலேயே பெரும்பங்கு உப்பைத் தடுத்துவிட்டு, தப்பி ஏறியதை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது அந்த மரம்.

நெல்லுக்கு உப்புச் சுரப்பி கிடையாது. ஆனால் கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லுக்கு வேறொரு வித்தை தெரியும். அதன் முதலாம் குரோமோசோமில் ‘சால்டால்’ என்று பெயரிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. வங்கத்து நோனா பொக்ரா நெல்லை ஆராய்ந்து, அதே பகுதியில் உள்ள மரபணு எது, அது என்ன செய்கிறது என்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். சோடியத்தைக் கடத்தும் எச்கேடி வகையைச் சேர்ந்த அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. குழாய்த் திசுவை ஒட்டிய செல்களின் சவ்வில் அந்தப் புரதம் உட்கார்ந்துகொண்டு, மேலே போகும் சாற்றிலிருந்து சோடியத்தைப் பிடித்துப் பக்கத்துச் செல்லுக்குள் திருப்பிவிடுகிறது. கண்மாய் மடையில் நிற்கும் நீர்பாய்ச்சி எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று திறந்து அடைப்பாரே, அந்த வேலைதான். இலைக்குப் போவது பொட்டாசியம் கலந்த நல்ல சாறு.

சரி, இந்த நீர்பாய்ச்சியை நம் ரகத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? பொக்காளியோடு இனக்கலப்புச் செய்தால் வேண்டாத குணமும் கூடவே வரும்: உயரம், சாய்வு, குறைந்த விளைச்சல். அதனால் பிறந்த பிள்ளையைத் திரும்பத் திரும்ப நம் ரகத்தோடே சேர்க்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நம் ரகத்தின் பங்கு சராசரியாக 50, 75, 87.5 என்று ஏறும். நாற்றாக இருக்கும்போதே இலைத்துண்டைக் கிள்ளி டிஎன்ஏவைப் பார்த்து, சால்டால் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். நோய் எதிர்ப்புக்கும் இதே வழிதான். பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களை இப்படி ஏற்றி, 2008இல் மேம்படுத்திய சம்பா மசூரி வந்தது.

இன்னொரு வழி, வேறு இனத்தின் மரபணுவையே கொண்டுவருவது. வெண்கண்டலிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து பூசா பாசுமதி நெல்லில் வைத்தது சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். உப்பின் நெருக்கடியில் செல்லுக்குள் பெருகும் கொடிய ஆக்சிஜன் வடிவங்களை அடக்கும் நொதியைச் செய்வது அந்த மரபணுதான். சதுப்பில் நிற்கும் மரத்தின் தற்காப்பு நெல்லிலும் வேலை செய்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் இந்தியாவில் இந்த வகைப் பயிராக உழவர் கைக்கு வந்தது பருத்தி மட்டும்தான்.

மூன்றாவது வழியில் வெளியிலிருந்து கொண்டுவருவது எதுவும் பயிரில் தங்குவதில்லை, இருப்பதில் கொஞ்சம் வெட்டுகிறார்கள். நெல்லில் டிஎஸ்டி என்றொரு மரபணு உண்டு. அது இலைத்துளையின் காவல் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேராமல் துடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் துளை திறந்தபடி இருக்கும். அதை முடக்கினால் பெராக்சைடு சேரும், துளை சுருங்கும், தண்ணீர் மிச்சமாகும். தண்ணீர் குறைவாக ஏறினால் அதோடு வரும் சோடியமும் குறையும். எம்டியு 1010 என்ற நெல் ரகத்தில், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கத்தரியால் இந்த மரபணுவை வெட்டியதை 2020இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த பூசா டிஎஸ்டி நெல் 1, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. இதை நம் கண்மாய்ப் பாசன வயலில், நம் உவரில், இரண்டு மூன்று பருவம் போட்டுப் பார்த்தபிறகே உழவரிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. களர்பாலை, குழியடிச்சான் போன்ற பழைய ரகங்களையும் பக்கத்துப் பாத்தியிலேயே விதைக்க வேண்டும். அடுத்த மரபணு அவற்றில்கூட இருக்கலாம்.

இன்னும் ஒன்று. நெல் உப்புக்கு அதிகம் அஞ்சுவது இரண்டு பருவத்தில்: நாற்றாக இருக்கும்போதும், பூக்கும்போதும். சால்டால் பெரும்பாலும் நாற்றைத்தான் காக்கிறது. பூக்கும் நேரத்தில் உப்பு ஏறினால் மகரந்தம் கெட்டு, கதிர் சாவியாகிவிடும். நம் கடலோரத்தில் மார்கழி கடைசியில் மழை நின்று, கண்மாயும் வற்றத் தொடங்கும்போதுதான் பல வயல்களில் கதிர் நிற்கிறது. பரமக்குடியில் உருவான அண்ணா 4 போல நூறு நாளை ஒட்டி அறுவடைக்கு வரும் ரகம் அந்த உப்புக்கு முன்பே களத்துமேட்டுக்குப் போய்விடும். அந்த வயதோடு சால்டாலும், பூவைக் காக்கும் இன்னொரு மரபணுவும் ஒரே செடியில் சேர வேண்டும். தொண்டிப் பக்கத்து வயலுக்குத் தேவையான விதை அதுதான்.