அலவன்ஸாகப் போட்டுத் தருகிறேன் என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

இலங்கையில் 2026 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய் ஆனதிலிருந்து எங்கள் கந்தோருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். “சேர், நேற்று வந்த பொடியனுக்கு முப்பது. ஒன்பது வருஷம் கிடந்து மாயுற எனக்கு முப்பத்தாறு. என்ன மதிப்பு சேர் இது?”

கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியோடு முதலாளியிடம் போய் அவர்கள் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது.

நான் மட்டக்களப்பு நகரத்தில் கணக்குப் பார்க்கிறவன். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடைகள், பாமசிகள், அரிசி ஆலைகள், இரண்டொரு ஹோட்டல்களுக்குச் சம்பளப் பட்டியல் எங்களிடம்தான் தயாராகிறது. எனக்குக் காசு தருவது முதலாளிமார்தான், அதை மறைக்கவில்லை. அதனால்தான் சம்பளம் தருகிறவர் எதைக் கணக்குப் போட்டுப் பேசுகிறார், வாங்குகிறவர் எங்கே வழுக்குகிறார் என்று இரண்டும் தெரியும்.

போன கிழமை வந்தவர் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் வேலை செய்த தங்கச்சி. ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வருடம் முடித்து வேலையை விட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு சம்பளம் காணாது என்று அழாக்குறையாகக் கேட்டிருக்கிறார். முதலாளி மறுக்கவில்லை, 12,000 ரூபாய் கூட்டித் தந்தார். அவ்வளவும் “ஊக்கக் கொடுப்பனவு” என்ற பெயரில், அலவன்ஸாக. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 32,000 அப்படியே நின்றது. பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டது.

இப்போது பணிக்கொடை கணக்குப் பார்க்க வந்திருக்கிறார். பணிக்கொடை என்பது முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் பாதி. ஊக்கக் கொடுப்பனவு அந்தக் கணக்கில் சேராது. 32,000இல் பாதி 16,000, ஒன்பது வருடத்துக்கு 144,000. அந்த 12,000 பேசிக்கில் ஏறியிருந்தால் 44,000இல் பாதி 22,000, ஒன்பது வருடத்துக்கு 198,000. அங்கேயே 54,000 போயிற்று. முதலாளி அந்த 12,000க்குக் கட்டியிருக்க வேண்டிய ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எப்.) 3 வீதம், சேர்த்து மாதம் 1,800. மூன்று வருடத்துக்கு 64,800. மொத்தம் 118,800 ரூபாய், வட்டி சேர்க்காமல்.

“அப்ப எனக்குக் கூட்டித் தரலையா சேர்?” என்று கேட்டார். தந்தார் தங்கச்சி. உங்கள் மனக்குறைக்குத் தந்தார்.

எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. “எனக்கு மதிப்பில்லை” என்று போய் நின்றால் முதலாளி மதிப்பைத்தான் தருவார். மதிப்பு மலிவானது. “சீனியர்” என்று ஒரு பட்டம், “சுப்பர்வைசர்” என்று ஒரு அடையாள அட்டை, மாதம் போனுக்கு ஒரு ரீலோட், பெருநாளைக்கு ஒரு பொதி, “நீ என் தம்பி மாதிரி” என்று ஒரு வார்த்தை. நான் பட்டியல் போடும் ஒரு கடையில் ஏழு ஊழியரில் நாலு பேர் மனேஜர். சம்பளம் வேண்டும் என்றால் சம்பளத்தைக் கேளுங்கள். கவலையை வீட்டில் சொல்லுங்கள்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். “கையில எவ்வளவு வருகுதோ அதுதான் சேர் சம்பளம்.” படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லாமல் சொல்கிறார்கள். “ஈ.பி.எப். வெட்ட வேண்டாம் சேர், முழுசாத் தரச் சொல்லுங்க” என்று முதலாளியிடமே போய்க் கெஞ்சுகிறார்கள். அவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

பொறுமையாக ஒருமுறை பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து போவது 8 வீதம். முதலாளி தன் பையிலிருந்து போட வேண்டியது 12 வீதம். உங்கள் 8 எங்கேயும் தொலையவில்லை, உங்கள் பெயரில்தான் கிடக்கிறது. அதோடு அவருடைய 12உம் வந்து சேருகிறது. நம்பிக்கை நிதி 3 வீதம் முழுக்க முதலாளி போட வேண்டியது, உங்களிடம் சதம் வெட்ட முடியாது. “வெட்ட வேண்டாம்” என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் 8ஐக் காப்பாற்றவில்லை, அவருடைய 15ஐக் காப்பாற்றிக் கொடுக்கிறீர்கள். “அந்தக் காசு வயது போனபிறகுதானே வரும்” என்பார்கள். ஆம், பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. ஆனால் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க நிபந்தனைகளோடு வழியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகக் கட்டப்பட்ட கணக்கு இருந்தால்தான் அந்த வழியும் திறக்கும்.

பேசிக் என்ற ஒரு வரியில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது. ஓ.டி.யும், அதாவது மேலதிக நேரச் சம்பளமும், அதில்தான். கடை, அலுவலக ஊழியருக்கு ஓ.டி. மணி ஒன்றுக்கு, மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து வருவதில் ஒன்றரை மடங்கு. பேசிக்கில் 10,000 கூடினால் ஒவ்வொரு ஓ.டி. மணிக்கும் 62 ரூபாய் 50 சதம் கூடும். அதே 10,000ஐ “வருகைக் கொடுப்பனவு” என்று வாங்கிப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் நின்றால் அந்த மாதம் அது காணாமல் போகும். சட்டப்படியான லீவுதான், ஆனாலும் போகும். முதலாளியைக் கேட்டால் “நான் சம்பளத்தில் கை வைக்கவில்லையே” என்பார். அவர் சொல்வதும் சரி.

ஒரு விடயத்தை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். முதலாளியின் 12 வீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலேயே கழித்துக் கட்டும் இடங்கள் நம் பகுதியில் இருக்கின்றன. அது பேரம் பேசிச் சரிசெய்யும் விடயமல்ல. பே சிலிப்பை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

“முதலாளி இந்த வருஷம் கூட்டித் தந்தார்” என்று நன்றி சொல்கிறவர்களுக்கும் ஒன்று. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சம் 27,000, 2026 ஜனவரியில் 30,000. இது சட்டம். 28,000 எடுத்தவருக்கு 30,000 ஆனதில் முதலாளியின் தாராளம் எதுவும் இல்லை. அதே சட்டம் உங்கள் 36,000ஐத் தொடவும் இல்லை. ஆகவே புதியவருக்கும் உங்களுக்கும் இடையில் இருந்த தூரம் குறைந்துவிட்டது. கேட்க வேண்டியது அந்தத் தூரத்தைத்தான். “அவனுக்கு ஏன் கொடுத்தீங்க” என்று அந்தப் பொடியனை இழுக்காதீர்கள், அவன் உங்கள் எதிரியல்ல. “இரண்டு வருடத்துக்கு முன்பு ஆரம்பச் சம்பளத்துக்கும் என் சம்பளத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தது, இப்போது இவ்வளவுதான், என் வேலை குறையவில்லை” என்று சொல்லுங்கள். முதலாளிமாருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

நம் ஊரில் கேட்பது ஏன் கஷ்டம் என்பது எனக்கு விளங்காமலில்லை. வேலை மாமாவின் சொல்லில் கிடைத்திருக்கும். முதலாளி அதே கோயில் பரிபாலன சபையிலோ அதே பள்ளிவாசல் நிருவாகத்திலோ இருப்பார். கல்முனையிலும் காத்தான்குடியிலும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். அண்ணனிடமும் காக்காவிடமும் எப்படிக் காசு பேசுவது? பேசலாம். அவர் உங்களோடு உறவாகப் பழகுவது உண்மை. மாதக் கடைசியில் எங்களிடம் அனுப்புவது பட்டியலைத்தான் என்பதும் உண்மை. மரியாதையாகக் கேட்டதற்காக உறவு முறிந்த கதையை நான் அதிகம் கேள்விப்படவில்லை. கேட்காமல் வருடக்கணக்காக உள்ளுக்குள் வைத்து, ஒரு நாள் கடையில் பொது இடத்தில் வெடித்து முறிந்த கதைகள்தான் நிறைய.

பெண்களிடம் மட்டும் சொல்லும் ஒரு பதிலும் இருக்கிறது: “உங்கட அவர் உழைக்கிறார்தானே.” ஏறாவூர்ப் பக்கம் ஒரு பாமசியில் வேலை செய்யும் அக்கா இதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னாராம், “ஓம் சேர், ஆனா இங்க பில் போடுறது நான்தானே.” அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

சரி, எப்படிப் போவது? முதலில் உங்கள் பே சிலிப்பை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேரிடம் அது இல்லை, அதைக் கேட்பதுதான் முதல் வேலை. நியமனக் கடிதமும் அப்படியே. பிறகு, கடைசியாகச் சம்பளம் கூடிய நாளிலிருந்து உங்கள் வேலையில் என்ன கூடியது என்று எழுதுங்கள். விலகிப் போன ஸ்டோர்காரரின் வேலையும் உங்கள் தலையில் விழுந்ததா? வங்கிக்குப் போவதும் நீங்கள்தானா? கடைச் சாவி யாரிடம்? “கஷ்டப்படுறேன்” என்பது எல்லோரும் சொல்வது. “ஸ்டொக் எடுப்பது இரண்டு வருடமாக நான், முன்பு அதற்கு ஒரு ஆள் இருந்தார்” என்பது உங்களால் மட்டும் சொல்ல முடிந்தது. வீட்டுக் கடன், பிள்ளையின் டியூஷன் செலவு, நகை அடகு இவற்றைத் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள். அதைக் கேட்டால் அவர் முற்பணம் தருவார், சம்பளம் தரமாட்டார். அடுத்த மாதம் அதையும் கழிப்பார்.

தொகையைச் சொல்லுங்கள். “பார்த்துச் செய்யுங்க” என்றால் பார்த்துத்தான் செய்வார்.

நேரமும் முக்கியம். பெருநாள் வியாபாரத்தில் புடவைக் கடை முதலாளியை மறிக்காதீர்கள். சம்மாந்துறை ஆலையில் வேலை என்றால் நெல் கொள்வனவுக்குக் காசு தேடித் திரியும் நாட்களில் வாயைத் திறக்காதீர்கள். பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் சீசன் தொடங்க முன்பே பேசிக்கைப் பேசி முடிக்க வேண்டும். சேவைக் கட்டணப் பங்கு அறை நிரம்பினால்தான் வரும், மார்கழி மழையில் பேசிக்கை வைத்துத்தான் அடுப்பு எரியும்.

இல்லாத வேலையைக் காட்டி மிரட்டாதீர்கள். “மற்றக் கடையில் ஐம்பது தாறாங்க” என்று நீங்கள் சொல்லி முடித்து வெளியே வரும்போது இரண்டு முதலாளிமாரும் தொலைபேசியில் கதைத்து முடித்திருப்பார்கள். “கட்டாருக்குப் போறன்” என்பதும் அப்படித்தான். போகிறதாக இருந்தால் போங்கள். சும்மா சொன்னால் அவர் நாளைக்கே உங்கள் இடத்துக்கு ஆள் பார்க்கத் தொடங்குவார்.

கேட்டால் நிறுத்திவிடுவார்களா? 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இடம் தராது. சிறிய கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அங்கே கொஞ்சம் நிதானமாகவே போங்கள். எங்கே வேலை செய்தாலும் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு ஒரு வாய்த்தர்க்கத்தில் கடிதம் கொடுத்த தம்பி ஒருவர் வந்தார். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முடிய வேண்டும், இடத்தில் 15 பேர் இருக்க வேண்டும். அவர் இடத்தில் 20 பேர். இரண்டு மாதம் வாயை மூடியிருந்தால் போதும். ஐந்து வருடம் முடித்துத் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு என்பதையும் பலர் நம்புவதில்லை. உண்டு.

சம்பளம் கூடினால் வரி வெட்டுவார்கள் என்று பயந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 40,000ஐ 50,000 ஆக்குவதில் அந்தப் பயம் வேண்டாம்.

முதலாளி “பத்தாயிரம் தாறன், ஆனா அலவன்ஸாகத்தான்” என்றால் என்ன சொல்வது? அவர் பக்கக் கணக்கு இது: பேசிக்கில் 10,000 போட்டால் அவருக்குச் செலவு 11,500, பணிக்கொடை வேறு. ஆகவே நீங்கள் கொஞ்சம் இறங்கலாம். “பத்து வேண்டாம் சேர், பேசிக்கில் 8,700 போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். நிதிகளோடு சேர்த்து மாதாமாதம் அவருக்குச் செலவு 10,005, ஏறக்குறைய அதே காசு. உங்கள் கையில் 8,004 வரும், நிதிகளில் 2,001 சேரும், ஓ.டி.யும் பணிக்கொடையும் கூடும். அதற்கும் மறுத்தால் “வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு” என்ற பெயரிலாவது போடச் சொல்லுங்கள். சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் அது கணக்கில் சேரும். ஊக்கம், வருகை, பெற்றோல் என்று போடுபவை சேராது. என் முதலாளிமார் இதை வாசித்தால் எனக்குத் தொலைபேசி வரும், வரட்டும்.

இப்போது முடியாது என்று சொன்னால் “எந்த மாதம் பேசலாம்” என்று கேட்டு வாங்குங்கள். சம்மதித்தால் எந்த மாதத்திலிருந்து, எந்த வரியில், எவ்வளவு என்று இரண்டு வரி எழுத்தில் கேளுங்கள். கடிதத்துக்குச் சங்கடப்பட்டால் அன்றிரவே வட்ஸ்அப்பில் “நன்றி சேர், மார்ச்சில் இருந்து பேசிக்கில் 8,700 என்று சொன்னீங்க” என்று நீங்களே அனுப்பிவிடுங்கள். அடுத்த பே சிலிப்பில் பேசிக் வரியைப் பாருங்கள், சேமலாப நிதிக் கூற்று வரும்போது அதையும் பாருங்கள். மாறவில்லையா, அந்தக் கிழமையே கேளுங்கள். பட்டியல் போடுகிற பிள்ளை மறந்துவிட்டது என்பார்கள். அந்தப் பிள்ளை எங்கள் கந்தோரில் என்றால் நேரே எனக்குச் சொல்லுங்கள்.