மனசு வரட்டும் என்றால்

ரங்கூனில் எங்கள் தெருவில் ஓர் அக்கா, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியும் பூக்கூடை மூலையில்தான் கிடந்தது. எதிர்க் கடையில் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடப் போவதும் நின்றுவிட்டது. கேட்டால், "மனசு வரட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்பார்.

அந்த மனசு ஏன் வருவதில்லை என்பதற்கு 1970களில் பீட்டர் லூயின்சோன் போன்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மனச்சோர்வு நோய் வந்தவர் ஒதுங்குகிறார். ஒதுங்கினால் அந்த நேரத்துக்கு நிம்மதி. அதனாலேயே அடுத்த முறையும் ஒதுங்கத் தோன்றும். கூடவே, "சரம் நெருக்கமா இருக்கே" என்ற வாடிக்கையாளரின் ஒரு வார்த்தை, கடைவாசல் அரட்டை, கைக்கு வரும் சில்லறை எல்லாம் நின்றுபோகும். மனதுக்குத் தீனி போட்டவை இவைதான். தீனி குறையக் குறையச் சோர்வு கூடும், ஒதுங்கலும் கூடும்.

செயல்தூண்டல் சிகிச்சை இந்தச் சுழலைச் செயலின் பக்கமிருந்து அறுக்கிறது. முதலில் ஒரு நோட்டு: எந்த மணிக்கு என்ன செய்தோம், அப்போது மனம் பத்துக்கு எத்தனை. உறவுக்கார நர்ஸ் பெண் சொல்லி அக்கா எழுதியதை ஒருநாள் காட்டினார். "காலை 9, படுத்திருந்தேன், 2. மாலை 5, அரை முழம் கட்டினேன், நூல் அறுந்தது, 4." நூல் அறுந்தும் 4! இப்படி மனம் ஏறும் இடங்களைக் கண்டுபிடித்து, அவற்றைச் சின்னத் துண்டுகளாக்கி, நாளும் நேரமும் குறித்துச் செய்வதுதான் அடுத்த வேலை. மனசு வந்தாலும் வராவிட்டாலும் 5 மணிக்கு அரை முழம். "எழுந்து வேலையைப் பாரு" என்று சொந்தக்காரர்கள் திட்டுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திட்டில் அளவும் இல்லை, நேரமும் இல்லை.

மனச்சோர்வுக்கு எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சையும் உண்டு. அது இல்லாமல் இது போதுமா? 1996இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு மனச்சோர்வுள்ள 150 நோயாளிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. செயலை மட்டும் தூண்டிய பிரிவு, எண்ணங்களையும் சேர்த்துத் திருத்திய முழுச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை.

நமக்கு அதைவிட முக்கியம் கோவா ஆய்வு. 2017இல் வெளியானது, கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர். செயல்தூண்டல் சிகிச்சை கொடுத்தவர்கள் மனநலப் படிப்பே இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள். மூன்று மாதத்தில் அவர்களிடம் போனவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

உயிரை விடும் எண்ணம் வருகிறவருக்கு நோட்டு மட்டும் போதாது. உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது. அக்கா இப்போது ஒரு முழம் வரை வந்திருக்கிறார். மொஹிங்கா கடைக்கு இன்னும் போகவில்லை. நோட்டில் ஞாயிறு காலை 7 மணிக்கு எழுதி வைத்திருக்கிறார்.