ட்ரெய்லரை ஒருமுறை சத்தம் இல்லாமல் பாருங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் என் எடிட் ரூம் ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. சின்ன பட்ஜெட் தமிழ், மலையாளப் படங்களுக்கு ட்ரெய்லர் வெட்டுவதுதான் பிழைப்பு. ஒருமுறை ஒரு படம் வந்தது. பேச்சை நிறுத்திக்கொண்ட அப்பாவும் மகளும் கடைசியில் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. தயாரிப்பாளர் "த்ரில்லர் மாதிரி வேணும்" என்றார். செய்து கொடுத்தேன்.

கிணற்றடியில் மகள் திரும்பிப் பார்க்கிற ஷாட் ஒன்று. படத்தில் அவள் பார்ப்பது ஆட்டுக்குட்டியை. நான் அதற்கடுத்து அப்பா அரிவாளோடு நிற்கிற ஷாட்டை வைத்தேன் (இளநீர் வெட்டத்தான் எடுத்தார், பாவம்). அதே முகம்தான், ஆனால் பயந்திருக்கிறாள் என்று நம்பிவிடுவீர்கள். ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிய வித்தை.

பாதிக்கு மேல் வேலை சத்தத்தில்தான். முதல் அரை நிமிடம் ஒவ்வொரு ஷாட்டும் மூன்று நான்கு நொடி நிதானமாக நிற்கும். அப்புறம் கிணற்று ராட்டினத்தின் கிரீச்சொலியைத் தாளமாக்கி, அதற்கேற்ப ஒரு நொடி, அரை நொடி, கடைசியில் ஆறே ஃப்ரேம் என்று குறைத்துக்கொண்டே போனேன்; நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது கால் நொடி, என்ன பார்த்தோம் என்று புரிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அடியில் ஒரு ரைசர், அதாவது பதற்றம் கூட்ட மேலே ஏறிக்கொண்டே போகிற ஒலி. ஏறிக்கொண்டே இருப்பதாகக் கேட்கும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராத ஒலி ஒன்றை 1964-ல் ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் விவரித்தார். மேல் சுருதி தேய்கிறபோதே கீழ்ச் சுருதி நுழைந்துவிடுவதால் காது ஏமாறுகிறது. அந்த உத்திதான். உச்சத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி கருப்புத் திரை, மகளின் மூச்சு மட்டும், பிறகு ஒரு 'டம்'. வால்யூமை நான் ஏற்றவே இல்லை. முன்னால் இருந்த மௌனம்தான் அதை அவ்வளவு பெரிதாக்கியது.

முதல் நாள் இடைவேளையில் ஒருவர் "ஏனுங்க, வெட்டுக்குத்து எப்பங்க வரும்?" என்று கேட்டார். இளநீர் காட்சியில் தியேட்டரே சிரித்தது. மூன்றே நாளில் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். நல்ல படம் அது.

வழக்குப் போடலாமே என்பீர்கள். வேறொரு படத்தின் ட்ரெய்லரில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒருவர் போட்டு, மாநில நுகர்வோர் ஆணையத்தில் 10,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ட்ரெய்லர் விளம்பரம்தான், அதனால் ஒப்பந்தம் எதுவும் உண்டாகாது என்றது.

அதனால்தான் சொல்கிறேன், டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை மியூட்டில் பாருங்கள். நான் வெட்டிய அந்த ட்ரெய்லரை அம்மாவுக்கு அப்படித்தான் போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, இது ஆரு தோப்பு?"