கரையில் பேசலாம், காலைத் தட்டக் கூடாது

ஆற்றில் நடந்த தூண்டில் போட்டி ஒன்றைக் காணொளியில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “போட்டியாளர்கள் பக்கத்து ஆளோடு உரக்கப் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் உட்காரும் பெட்டியைத் தரையில் இறக்கும்போது மட்டும் அவ்வளவு பதமாக இறக்குகிறார்கள். அப்புறம் அவர்களே இரை உருண்டைகளைத் தொம் தொம்மென்று தண்ணீருக்குள் எறிகிறார்கள். மீனுக்குக் காது கேட்குமா, கேட்காதா?”

கேட்கும். போட்டிகளில் அதிகம் பிடிபடும் கெண்டை இனத்துக்கு ரொம்ப நன்றாகவே கேட்கும். அது கேட்கும் விதம்தான் எனக்கு உயிரியலில் மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

முதலில் போட்டியைப் பற்றி இரண்டு வரி. காலையில் சீட்டு எடுப்பார்கள். சீட்டில் வரும் எண்ணுக்கு உரிய இடத்தில்தான் கடைசிவரை உட்கார வேண்டும். விசில் ஊதியதும் தூண்டில் இறங்கும், மறு விசிலோடு முடியும். பிடித்த மீன்களை நீண்ட வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டுவிட்டு ஆற்றிலேயே விடுவார்கள். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. மீனைத் தேடி நாம் போக முடியாது, மீன்தான் நம்மைத் தேடி வரவேண்டும். எனவே எந்தச் சத்தம் மீனை விரட்டும், எது அழைக்கும் என்பது இங்கே பெரிய விஷயம்.

பேச்சுச் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, தண்ணீரில் சுமார் 1,480 மீட்டர். வேகமும் அடர்த்தியும் இவ்வளவு மாறுபடும் இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒலி பெரும்பாலும் திரும்பிவிடும். நேர் மேலிருந்து விழும் ஒலியிலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே நுழைகிறது. செங்குத்திலிருந்து 13 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால், அமைதியான நீர்ப்பரப்பு கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். கரையில் உட்கார்ந்திருப்பவரின் குரல் தண்ணீரை அதைவிட அதிகச் சாய்வில்தான் தொடுகிறது. ஆகவே தாராளமாகப் பேசலாம். “பேசாதே, மீன் ஓடிடும்” என்று குழந்தைகளை அதட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆற்றங்கரையில் கேள்வி கேட்கும் குழந்தையின் வாயை அடைக்க இயற்பியலில் ஒரு காரணமும் இல்லை.

காலடி வேறு கதை. ஈர மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒலியைக் கடத்துவதில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது. கனமான பெட்டியைத் தடாலென்று போட்டால் அந்த அதிர்வு கரை வழியே நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடும்.

சரி, உள்ளே வந்த ஒலி மீனுக்கு எப்படிக் கேட்கிறது? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மீனின் உடலுக்கும் தண்ணீரின் அடர்த்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒலி வந்தால் தண்ணீரோடு சேர்ந்து மீனும் ஆடும். எல்லாமே ஒன்றாக ஆடினால் எதுவும் ஆடியதாகத் தெரியாது. இதற்கு மீனின் உள்காதில் செவிக்கல் என்ற சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பஸ் சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்தங்குவதுபோல, உடல் ஆடும்போது கல் கொஞ்சம் பின்தங்கும். அந்தச் சிறு இடைவெளி கல்லுக்கு அடியில் இருக்கும் மயிர்ச் செல்களை வளைக்கிறது, நரம்புக்குச் செய்தி போகிறது. எல்லா எலும்பு மீன்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் தாழ்ந்த சுருதிக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும். சால்மன் மீனுக்கு 400 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 400 அதிர்வுகளைத் தாண்டினால் அநேகமாக எதுவும் கேட்பதில்லை.

கெண்டை இனம் இதோடு நிற்கவில்லை. அதன் வயிற்றுக்குள் மிதப்பதற்கான காற்றுப்பை இருக்கிறது. தண்ணீரும் சதையும் அழுத்தத்துக்கு எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். ஒவ்வொரு ஒலி அலைக்கும் அந்தப் பை சுருங்கி விரிகிறது, அதன் சுவர் துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் காதுவரை கொண்டுபோக முதுகெலும்பின் முன்முனையில், இரு பக்கமும் நான்கு நான்காகக் குட்டி எலும்புகள் இருக்கின்றன. பெரியது பிறைபோல வளைந்திருக்கும். அதன் பின்நுனி காற்றுப்பையின் முன்னறைச் சுவரிலேயே பதிந்திருக்கிறது. சுவர் அசைந்தால் அது அசையும். அது ஒரு தசைநாரை இழுக்கும், நார் அடுத்த எலும்பை இழுக்கும், அந்த அசைவு முன்னாலிருக்கும் இரண்டு எலும்புகளுக்குப் போகும். அவை தலைக்குப் பின்னால் இருக்கும் திரவ அறையை அசைக்க, திரவம் உள்காதுக்குள் ஊசி போன்ற மெல்லிய செவிக்கல்லை ஆட்டும். அவ்வளவுதான், வயிற்றில் தொடங்கிய ஒலி காதுக்கு வந்துவிட்டது. இதனால் கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்கமீனுக்கு 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கிறது. அந்தப் பெரிய எலும்பை எடுத்துவிட்டுச் சோதித்தபோது, சுருதி ஏற ஏற இழப்பும் கூடியது.

இந்த எலும்புகளை 1820-இல் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவ அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர். நம் நடுக்காதில் இருக்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகளுக்கு இவை இணையானவை என்று அவர் நினைத்தார். வேலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், பிறப்பு வேறு. நம் சுத்தியும் பட்டடையும் பழைய தாடை எலும்புகளிலிருந்து வந்தவை. கெண்டையின் எலும்புகளோ முதல் சில முள்ளெலும்புகளும் விலா எலும்பும் உருமாறி வந்தவை. ஒலியைக் கடத்த எலும்புச் சங்கிலி வேண்டும் என்ற ஒரே தேவைக்குப் பரிணாமம் இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து எலும்பு எடுத்திருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கெளுத்திக்கும் இதே சங்கிலி உண்டு.

ஆனாலும் மீன் செவிடு என்று நம்பிய அறிஞர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். தேனீக்களின் நடனத்தை விளக்கியதற்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், கண் தெரியாத கெளுத்தி ஒன்றுக்கு விசில் ஊதி ஊதி இரை கொடுத்தார். சில நாளில், இரை இல்லாமல் வெறும் விசில் ஊதினாலே அது பொந்தை விட்டு வெளியே வந்தது. 1923-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 2001-இல் ஏவா சேஸ் என்பவர், ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையையும் அமெரிக்க ப்ளூஸ் இசையையும் கோய் கெண்டைகள் பிரித்தறியும் என்று காட்டினார். இதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டைதான். கெண்டை இனத்தைச் சேர்ந்த வரிக்குதிரை மீனின் மயிர்ச் செல்கள் அழிந்தாலும் மறுபடி முளைக்கின்றன. நமக்கு முளைப்பதில்லை. மனிதக் காது கேளாமையை ஆராயும் ஆய்வகங்கள் இன்று அந்த மீனை வளர்க்கின்றன. மீனின் காதைப் பற்றி வெறும் ஆர்வத்தில் யாரும் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் இந்த வழி திறந்திருக்காது. உடனடிப் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் ஆராய்ச்சி நிதி விண்ணப்பப் படிவங்கள் மாறவேண்டும்.

இனி அந்தத் தொம் தொம். இரை உருண்டை விழும் ஒலி தண்ணீருக்குள்ளேயே பிறக்கிறது. எல்லையில் திரும்பிப்போகும் பேச்சே இல்லை. அடிபடும் நொடியில் ஒரு சத்தம், கூடவே இழுபட்டுப் போன காற்றுக் குமிழிகள் அதிரும்போது இன்னொரு சத்தம். திடீரென்று கேட்டால் மீன் மிரளும். அதனால் பெரிய உருண்டைகளை விசில் ஊதியதும் முதல் சில நிமிடத்திலேயே எறிந்து முடித்துவிடுவார்கள், கலைந்த மீன் திரும்பிவர நேரம் இருக்கும். பிறகு சிறு சிறு பிடியாக, விட்டுவிட்டு, தக்கை அசையாவிட்டாலும் நிறுத்தாமல் போடுவார்கள். ஃபிரிஷின் கெளுத்தி விசிலைக் கற்றதுபோல, கெண்டைகள் இந்த மெல்லிய சளப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கற்றுக்கொள்கின்றன.

கைதேர்ந்தவர் எறியும் இடத்தைக் கவனியுங்கள். தக்கைக்கு நேராக எறிய மாட்டார், நீரோட்டத்தின் மேல்பக்கம் சற்றுத் தள்ளி எறிவார். இரை தாழ்ந்துகொண்டே அடித்துவரப்பட்டு, முள் தொங்கும் இடத்தில்தான் தரையைத் தொடும். அதன் வாசனை நீரோட்டத்தோடு இன்னும் கீழ்ப்பக்கம் போகும். வாசனை பிடித்துக் கீழிருந்து ஏறி வரும் மீன், சத்தம் வந்த இடத்தை எட்டுவதற்கு முன்பே முள்ளைச் சந்தித்துவிடும்.