கொட்டகையில் நின்ற டிராக்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

போன வாரம் ஒரு தம்பி பழைய மாஸே பெர்குசன் 1035 ஒன்றை லாரியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கொடுத்த விலை 1,60,000 ரூபாய். "11 வருஷமா கொட்டகையிலயே நின்ன வண்டி அண்ணே. ஓடவே இல்ல, இன்ஜின் அப்படியே இருக்கும்னு சொன்னாங்க" என்றார். வாங்கிய அன்றே பக்கத்து வயல்காரர் டிராக்டரில் சங்கிலி கட்டி, மூன்றாவது கியரில் போட்டு இழுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு தடவை பின்சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்ததாம். மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தேன். நடு சிலிண்டரில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது, பிஸ்டன் ஏறி இறங்கும் லைனரும் போய்விட்டது.

இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

'ஓடாத வண்டி தேயாது' என்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், இந்த ஒரு நம்பிக்கையால் பணத்தை இழந்தவர்கள் அளவுக்கு வேறு எதனாலும் இழந்து நான் பார்த்ததில்லை. தேயாதுதான். ஆனால் துருப்பிடிக்கும். ஓடுகிற இன்ஜினில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. நிறுத்திவிட்டால் சில மாதங்களில் அது வழிந்து கீழே இறங்கிவிடும். அப்புறம் லைனர் சுவர் வெறும் இரும்பு. மூன்று சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் அனேகமாக ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். சைலன்சர் வானத்தைப் பார்த்து நிற்கிறது. கொட்டகைக் கூரை ஒழுகினால் மழைத்தண்ணீர் அந்தக் குழாய் வழியாக நேராக சிலிண்டருக்குள் இறங்கும். ஒழுகாவிட்டாலும் ஈரக்காற்று போகும். 11 வருடம் என்றால் 11 ஐப்பசி, 11 கார்த்திகை. பிஸ்டன் ரிங்கும் லைனரும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள அது தாராளமாகப் போதும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் வண்டியை நிறுத்தினால் சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பார்கள். இந்த 1035-க்கு அதுகூட யாரும் செய்யவில்லை.

நின்ற வண்டியைக் கட்டி இழுக்காதீர்கள், தயவுசெய்து. சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் நசுங்காது, பிஸ்டன் அதில் மோதினால் ராடுதான் வளையும். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, முன்பக்கப் புல்லியைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் நாசில் துளை வழியாக வெளியே வந்துவிடும், ராடு தப்பிக்கும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் இன்ஜின் ஜாம் என்றே வைத்து விலை பேசுங்கள்.

சக மெக்கானிக்குகளுக்கு ஒரு வார்த்தை. பழைய டீசல் கோந்து மாதிரி ஆகி, டீசல் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கம்பி முழு டீசல் நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஏர் கிளீனர் குழாயை அடைக்க ஒரு பலகையைத் தயாராக வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கையை வைக்காதீர்கள்.

சரி, விலைக்கு வருவோம். அதே மாடல், அதே வயது, நன்றாக ஓடுகிற வண்டி உங்கள் பக்கம் என்ன விலைக்குக் கைமாறியது என்று கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைக் கேட்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. அந்த விலையில் தொடங்கி, வண்டியை ஓடவைக்க ஆகும் செலவைக் கழித்துக்கொண்டே வாருங்கள். இந்தத் தம்பியின் வண்டி இழுப்பதற்கு முன்பு இருந்த நிலைக்கே கணக்குப் போட்டேன். ஓடுகிற 1035, 2,00,000 ரூபாய். லைனர், பிஸ்டன், ரிங் மாற்றும் போர் வேலை 50,000. பம்பும் நாசிலும் 15,000. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிப்போயிருந்தது, அதற்கு 10,000. பின் டயர் இரண்டிலும் பட்டன் (தரையைப் பிடிக்கும் கட்டைகள்) நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் விரல் நுழைகிற வெடிப்பு, 35,000. பேட்டரியும் எலி கடித்த ஒயரிங்கும் 10,000. மீதி 80,000. கியர் பாக்ஸ், லிஃப்ட், பிரேக் எல்லாம் திறந்தால்தான் தெரியும், அதற்கு 15,000 தள்ளிவையுங்கள். 65,000 ரூபாய்தான் நியாயமான விலை. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. அடிமட்ட விலை வேண்டுமென்றால், வண்டி ஏறக்குறைய 1,700 கிலோ, பழைய இரும்பு கிலோ என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹவர் மீட்டரைப் பார்த்து விலை பேசாதீர்கள். பாதி வண்டிகளில் கேபிள் அறுந்திருக்கும். இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முதலில் தண்ணீர் சொட்டினால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. கியர் ஆயில் மோர் மாதிரி இருந்தாலும் அதே கதைதான். கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் போட்டுச் சேற்றுழவு ஓட்டிய வண்டியா என்று கட்டாயம் கேளுங்கள். சேற்றோடு நிறுத்தின வண்டியில் பிரேக்கும் ஆக்சில் சீலும் பெரும்பாலும் மிஞ்சாது.

'பழைய வண்டி, வின்டேஜ்' என்று கூட்டிக் கேட்பவர்களும் வந்துவிட்டார்கள். 1971-இல் வரத் தொடங்கிய எச்.எம்.டி. ஜீட்டர் 2511 போன்ற வண்டி, பானெட்டும் மட்கார்டும் அசலாக, நம்பர் தட்டு மாறாமல் இருந்தால், ஆசைப்பட்டு வாங்குபவர் கூடக் கொடுப்பார். உழவுக்கு வாங்குபவர் அதற்காகக் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்துவிட்டது, அதன் உதிரி பாகத்தைத் தேட வேண்டியிருக்கும். மாஸே உதிரி பாகம் பக்கத்து டவுனிலேயே கிடைக்கும். தேடி அலையும் நாட்களையும் விலையில் கழியுங்கள்.

ஆர்.சி. புத்தகம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பரைத் துடைத்து நீங்களே படியுங்கள். 15 வருடப் பதிவு முடிந்து புதுப்பிக்காமல் இருக்கலாம். வங்கிக் கடன் இன்னும் பதிவில் இருக்கலாம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அது முடியும் வரை வண்டி அவர்கள் கொட்டகையிலேயே நிற்கட்டும்.

விற்கப்போகிற வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். கணவர் போன பிறகு, 'துருப்பிடிச்சது' என்று சொன்ன ஒரே வார்த்தையை நம்பி, கையால் திருப்பினால் சுற்றுகிற நல்ல இன்ஜினை இரும்பு விலைக்குக் கொடுத்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். வாங்க வருபவர் கூட்டிவரும் மெக்கானிக்கை மட்டும் நம்பாமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவரையும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. அதுவரை அந்த சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள்.